வட்டம் போட்ட இரண்டு

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகளுக்கு, எங்கள் வீட்டுக் கேள்விக்குறிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதினால் நீ நம்பமாட்டாய், உன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன், அதனால் நலத்தைத் தனித்தனியாகவே எழுதிவிடுகிறேன். என் முழங்கால் நலம், படி ஏறும்போது மட்டும் இல்லை. உன் சித்தி நலம், அவள் வாய் அதைவிட நலம். உன் அம்மா காலையில் தானே எழுந்து குளித்து, நான் போட்ட காப்பியில் சர்க்கரை அதிகம் என்று முகத்தைச் சுளித்து, இப்போது சித்தியோடு காய்கறிக் கடைக்குப் போயிருக்கிறாள், குறை சொல்லும் அளவுக்கு நலம் என்று வைத்துக்கொள். உன் நலத்தைப் பற்றி நீ சொல்வதில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இருமல் போய்விட்டது என்று சொன்ன அதே பேச்சில் மூன்று முறை இருமினாய், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வெந்நீர் குடி. அந்த மெல்லிய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே.

போனிலேயே சொல்லிவிட்டுப் போகலாமே, என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாலும் உன் அம்மா அடுத்த அறையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள், செய்தியாக அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நாள் அவள் கையில்தான் இருக்கிறது. அதனால் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்வேன். படிக்காமல்தான் அனுப்புவேன் என்கிறார் கடைக்காரர், அதையும் நான் நம்பவில்லை, படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். போன வாரம் நீ அனுப்பிய செய்தியை நான் மூன்று முறை படித்தேன். "சுத்தி வளைக்காம சொல்லுங்கப்பா, எத்தனை மாசம்? இப்பவே கிளம்பட்டுமா, இல்ல ஆபரேஷனுக்கு வரட்டுமா? லீவு ஒரு தடவைதான் கிடைக்கும்" என்று எழுதியிருந்தாய். அன்று, எழுதுகிறேன் பொறு, டிக்கெட் எடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு நீ அழுதிருப்பாய். எனக்குத் தெரியும், நீ கேள்விக்குறியாக இருந்தாலும் அழுகையில் அம்மா பிள்ளைதான்.

உனக்கு அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன், உன் சித்திதான். ஆபரேஷன் தேதியைத் தேடி ஃபைலைப் புரட்டியவள் கையில் முதலில் கிடைத்த தாளை அனுப்பியிருக்கிறாள். அதன் மேல் மூலையில் சிவப்பு மையில் வட்டம் போட்ட இரண்டு இருந்ததை நீ பார்த்தாய், பக்கத்தில் எழுதியிருந்த அந்த மதிப்பின் பெயரை இணையத்தில் தேடினாய், அங்கே ஏதோ மாதக் கணக்கு கிடைத்தது, அன்றிலிருந்து உனக்குத் தூக்கம் போயிற்று. அம்மாடி, அது ஐந்து வாரத்துக்கு முந்தைய தாள். அந்த ஐந்து வாரமும் உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் மறைத்ததற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இப்போது முழுக்கச் சொல்லிவிடுகிறேன், நடந்தது நடந்தபடி.

குடலில் இருந்த கட்டியை எடுத்து, தையல் பிரித்து, நீ திரும்பிப் போன பிறகு எடுத்த ஸ்கேனில் ஈரலில் இரண்டு புள்ளி தெரிந்ததும், அதையும் அறுத்து எடுத்துவிடலாம் என்று பேச்சு நடந்ததும் உனக்குத் தெரியும். அதற்கு முன்னேற்பாடாக ரத்தம் எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை போனோம். உன் அம்மாவை எடை பார்க்க உள்ளே அழைத்துப் போனபோது டாக்டர் என்னை மட்டும் உட்கார வைத்தார். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு, சட்டைப் பையில் மூன்று பேனா, அதனால் எனக்கு அவர் மூன்று பேனா டாக்டர். சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டார். ரத்தத்தில் இரண்டு பொருளைப் பார்க்கிறார்களாம். ஒன்று சி.ஆர்.பி., உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் ஈரல் அதைக் கூடுதலாகச் சுரந்து தள்ளும், பத்துக்கு மேல் போகக்கூடாது, உன் அம்மாவுக்கு நாற்பத்தாறு. இன்னொன்று ஆல்புமின், அது குறையக்கூடாது, முப்பத்தைந்தாவது இருக்க வேண்டும், அவளுக்கு முப்பத்துமூன்று. முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால் மதிப்பு இரண்டு. புற்றுநோய் வந்தவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் பூஜ்யக்காரர்கள் நெடுநாள் இருக்கிறார்களாம், இரண்டுக்காரர்கள் அப்படி இருப்பதில்லையாம். "உள்ள எங்கயோ புகைஞ்சுக்கிட்டே இருக்கு சார், அந்த உடம்பு பெரிய ஆபரேஷனைத் தாங்குமான்னு கூட்டத்துல யோசிப்பாங்க, மருந்து மட்டும் போதும்னு சொன்னாலும் சொல்லலாம்" என்றார். கூட்டம் என்றால் ஐந்தாறு டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பது. மருந்து மட்டும் என்றால் என்ன பொருள் என்று நான் கேட்டேன், எத்தனை மாதம் என்றும் கேட்டேன், அவரும் ஒளிக்காமல் சொன்னார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. உன் அம்மாவுக்கும் அது தெரியாது. வெளியே வந்தவள் எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டாள், நானும் தலையாட்டினேன்.

உனக்குத் தெரியாததா, நான் முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை போட்டவன். ஒரு எண்ணை யாராவது என் முன்னால் நீட்டினால் எனக்கு முதலில் எண் தெரியாது, அதைக் காட்டிய தராசுதான் தெரியும். தட்டு காலியாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது, அடியில் புளி ஒட்டியிருக்கிறதா, கடைக்காரர் கால் எங்கே இருக்கிறது என்றுதான் கண் போகும். உன் அம்மா இதனால்தான் என்னை வீட்டிலும் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுகிறாள், பாசத்தில் அல்ல. அந்த வட்டம் போட்ட இரண்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை, ஒருவேளை அழத் தெரியாதவன் கண்டுபிடித்த வேலையாகவும் இருக்கலாம்.

முதலில் ரத்தம் பிடித்து வைத்த கண்ணாடிக் குழாயைச் சந்தேகப்பட்டேன். அன்று ரத்தம் கொடுக்க வரிசையில் இருந்தவர்களில் உன் அம்மா பெயரிலேயே இன்னொரு அம்மாள் இருந்தார், சீட்டு மாறியிருந்தால்? புதன்கிழமை தனியாகப் போய் ஆய்வகத்து ஜன்னலில் நின்றேன். உள்ளே இருந்த பெண்மணி பொறுமையாகப் பெயர், வயது, எண், எடுத்த நேரம் எல்லாவற்றையும் காட்டினார், மாறவில்லை. சரி, இந்த மெஷினை யார் சரிபார்க்கிறார்கள், கடைசியாக எப்போது என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், அவரோ ஒரு நோட்டை எடுத்து வைத்தார். தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த ஒரு திரவத்தை மெஷினுக்குள் விட்டு, அது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளி ரத்தத்தைத் தொடுவார்களாம். உன் அம்மா ரத்தம் எடுத்த நாளில் இரண்டு முறை பார்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறார். நம்ம இனம் என்று எனக்கு வாய்நிறையச் சிரிப்பு வந்தது, ஆனால் தராசு சரி என்றால் எண்ணும் சரி.

அடுத்து அந்த டாக்டரையே சந்தேகப்பட்டேன். அவர் மேஜை ஓரத்தில் ஒரு தாள், அதில் நூற்றுக்கும் மேல் நோயாளிகளின் எண், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பூஜ்யம், ஒன்று, இரண்டு. ஏதோ ஆராய்ச்சி எழுதுகிறார் என்று நர்ஸ் சொன்னாள். ஓகோ, இவருக்கு நம் வீட்டு ஆள் ஒரு கட்டத்தில் போட வேண்டிய ஆள் என்று எரிச்சல் வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஆளைப் போட்டுப் பார்க்காமல் ஆளுக்குப் பக்கத்தில் எண்ணைப் போடுகிறாரே என்று வீட்டுக்கு வந்து சுவரிடம் பேசினேன். இப்போது நினைத்தால் அவரிடம் தப்பு இல்லை. ஆனால் அன்று எனக்கு யாராவது ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும் என்று இருந்தது.

வியாழக்கிழமை உன் அம்மாவின் கைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடியபோது கட்டைவிரல் அளவு ஒரு பாட்டில் அகப்பட்டது. மேலே சீட்டு இல்லை, உள்ளே பழுப்பு எண்ணெய், நெடி மூக்கைத் துளைத்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உன் சித்திக்கு ஊர்ப்பட்ட வைத்தியர்களைத் தெரியும் என்பது உனக்குத் தெரியும், மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடியைத் தின்றுவிட்டு ஒரு வாரம் படுத்தவள் ஆயிற்றே. அக்காவுக்கும் கட்டியைக் கரைக்கிறேன் என்று எதையோ கொடுத்துக் குடிக்க வைக்கிறாள், அதுதான் ஈரலைக் கெடுத்து ரத்தத்தில் சி.ஆர்.பி.யை ஏற்றியிருக்கிறது என்று ஒரே நிமிடத்தில் முழுக் குற்றப்பத்திரிகையும் என் மண்டைக்குள் தயாராகிவிட்டது. பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் பாட்டிலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தேன், கடைக்காரர்களிடம் அப்படித்தான் செய்வேன், பேசாமல் இருந்தால் அவர்களே பேசிவிடுவார்கள். உன் சித்தி இரண்டு தலையணை உறை மடிக்கும்வரைதான் தாங்கினாள். "அத்தான், சத்தியமா அக்காதான் சொல்ல வேணாம்னாங்க, அது கிராம்பு எண்ணெய், பல்லுக்கு" என்றாள்.

பல்லுக்கு. எந்தப் பல்லுக்கு என்று கேட்டேன். வலது பக்கம் கீழே கடைசிக் கடைவாய்ப் பல், இரண்டு மாதமாக வலி, ஈறு வீங்கி வீங்கி வடிகிறதாம், ஒரு முறை சீழ்கூட வந்ததாம். பஞ்சில் எண்ணெயைத் தொட்டு வைத்துக்கொண்டு உன் அம்மா வலது பக்கமே மெல்லாமல் ஓட்டியிருக்கிறாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மளிகைக் கடைக் கதை சொல்வேனே, தராசு எடை கூடுதலாகக் காட்டுகிறது என்று புகார், நானும் படிக்கல் வைத்து மூன்று முறை பார்த்தேன், தராசில் குற்றமே இல்லை, கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் அகலத் தட்டுக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது, காற்றுதான் தட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் நின்ற மாதிரியே இருந்தது எனக்கு. அழற்சி எங்கே இருந்து வருகிறது என்று அந்த எண் சொல்வதில்லை அம்மாடி. கட்டி புகைந்தாலும் ஏறும், பல் புகைந்தாலும் ஏறும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவை உலுக்கி எடுத்துவிட்டேன், கத்தினேன் என்றே எழுதுகிறேன். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நர்ஸ் அத்தனை கேள்வி கேட்டாளே, அழற்சி இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று பொய் சொன்னாயே என்றேன். அவள் என்னைவிடச் சத்தமாக, அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை என்றாள். கேட்டார்கள், நான் பக்கத்தில் இருந்தேன் என்றேன். கேட்கவில்லை என்றாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் இந்த மாதிரிச் சண்டை எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் இந்த முறை தீர்த்துவைக்க ஒரு தாள் இருந்தது. மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தோம், அச்சில் 'அழற்சி' என்று இருந்தது, பக்கத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக். உன் அம்மா தாளைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், நீங்களே இன்னொரு தடவை அதை வாசித்துக் காட்டுங்கள் என்றாள். அந்த நர்ஸ் நல்ல பெண், கை பட்டால் ஊசி குத்தியதே தெரியாது, ஆனால் அவள் நாக்குக்கு ழகரம் மட்டும் ஒத்துவராது, அவள் வாயில் பழம் பயமாகிவிடும், கிழமை கியமையாகிவிடும். "உடம்புல அயற்சி ஏதாவது இருக்கா" என்று வாசித்தாள்.

அயர்ச்சி. உன் அம்மா காதில் விழுந்தது அயர்ச்சி இருக்கிறதா என்று. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து நீ போனில், நான் வீட்டில், சித்தி வாசலில், தையற்கடைக்காரர் தெருவில், எல்லோரும் அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தானே, அசதியா இருக்கா, களைப்பா இருக்கா என்று. அந்தக் கேள்வியின் மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு. அன்று நர்ஸ் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அயர்ச்சியா, எனக்கா, லிஃப்ட் இல்லாம ரெண்டு மாடி ஏறித்தான் வந்தேன்" என்று சொன்னது இப்போது எனக்கு நன்றாக ஞாபகம் வருகிறது. நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். பொய்தான் சொல்கிறாள் என்று அப்போதே எனக்குத் தெரியும், இந்தப் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம், பெருமைக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார், நானும் அயர்ச்சி என்றுதான் கேட்டிருக்கிறேன், சண்டையில்தான் அதை அழற்சி ஆக்கிவிட்டேன். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து, அச்சடித்த படிவம் ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லுக்குக் கீழே பல்வலி, ஈறு வீக்கம், புண், சீழ், கட்டி என்று கையால் எழுத ஆரம்பித்தாள், அன்று நாங்கள் கிளம்பும்வரை எழுதிக்கொண்டே இருந்தாள். உன் அம்மா அவள் தோளைத் தட்டி, என் காதும் கொஞ்சம் மட்டம்தான், விடும்மா என்றாள்.

பல்லை ஏன் மறைத்தாள் என்று நீ கேட்பாய். உன் சித்தி சொல்வது, அக்காவுக்குப் பல் டாக்டரின் இடுக்கியைக் கண்டால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம் என்று. உன் அம்மா சொல்வது வேறு. நீ அடுத்த மாதம் லீவு கிடைக்கும் என்று எப்போதோ போனில் சொன்னாயாம், பல்லைச் சொன்னால் அதைச் சரிசெய்துவிட்டு வா என்று ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்களாம், தள்ளிவைத்தால் உன் லீவு தப்பிவிடுமாம். இரண்டில் எது உண்மை என்று நான் விசாரித்தேன், இரண்டுமே உண்மை என்றுதான் தோன்றுகிறது. இதைப் படித்துவிட்டு, என்னால்தானா என்று ஆரம்பிக்காதே. உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசைக்கு நீ பொறுப்பில்லை.

சனிக்கிழமை பல்லைப் பிடுங்கினார்கள். மூன்று பேனா டாக்டரே பல் டாக்டரிடம் பேசி, எந்த மருந்து கொடுக்கலாம், ரத்தம் உறையுமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டுதான் அனுப்பினார், கூட்டத்தையும் தள்ளிவைத்தார். எக்ஸ்ரேயில் வேருக்கு அடியில் பட்டாணி அளவில் கறுப்பாக ஒரு பள்ளம், உள்ளே முழுக்கச் சீழ். உன் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நான்கு நகமும் பதிந்துவிட்டது, இரண்டு நாள் இருந்தது. மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சி.ஆர்.பி. எட்டு. ஆல்புமின் முப்பத்துநான்கு. சிவப்புப் பேனா பழைய இரண்டை அடித்துவிட்டுப் பூஜ்யம் எழுதியது. சித்தி அங்கேயே அழுதுவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் அதிகமானது. சிரிக்காதே. கடைக்காரருக்குச் சாதகமாக நிற்கும் முள்ளைப் பிடிப்பது சுலபம், நமக்குச் சாதகமாக நிற்கும் முள்ளைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு குறையில் ஒன்று அப்படியே இருக்கிறதே, ஆல்புமின் இன்னும் முப்பத்தைந்தைத் தொடவில்லையே, ஒன்று என்றல்லவா வர வேண்டும், பூஜ்யம் எப்படி வந்தது என்று கேட்டேன். முதலாவது ஏறியிருந்தால்தான் இரண்டாவதைக் கணக்கில் எடுப்போம், விதி அப்படி என்றார். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு சளி பிடித்தால் போதுமே என்றேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். அப்படியானால் இன்னொரு முறை எடுங்கள் என்றேன், எடுத்தார்கள், ஏழு வந்தது. அவர் மூன்று பேனாவையும் மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னதை வந்ததும் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். "இது நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா தெரியற விஷயம் சார், உங்க வீட்டம்மாவோட தேதி இதுல எழுதியிருக்காது. அன்னைக்கு இரண்டு வந்தப்பவும் எழுதியிருக்கல, இன்னைக்குப் பூஜ்யம் வந்தப்பவும் எழுதியிருக்கல" என்றார். அந்த ஒரு பேச்சில் மட்டும் எனக்குச் சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை. போன வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவு, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி. புள்ளி இரண்டும் இன்னும் ஈரலில்தான் இருக்கின்றன, பல்லைப் பிடுங்கியதால் அவை போய்விடவில்லை. அதை மறைத்து எழுத மாட்டேன்.

ஆகையால் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எத்தனை மாதம் என்று என்னிடம் இல்லை, டாக்டரிடமும் இல்லை, நீ இணையத்தில் பார்த்த பக்கத்திலும் இல்லை. இப்போதே கிளம்ப வேண்டாம், ஏழாம் தேதி வந்து சேருகிற மாதிரி டிக்கெட் எடு, அவளை உள்ளே கூட்டிப் போகும்போது நீ இருந்தால் போதும், வீடு திரும்பும்வரை இருந்தால் இன்னும் நல்லது. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போல. நான் ரத்தம் பிடித்த குழாயைச் சந்தேகப்பட்டேன், மெஷினை, டாக்டரை, உன் சித்தியை, ஜெராக்ஸ்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன். பல் வலித்த அந்த இரண்டு மாதமும் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன் அம்மா ஒரு ஆப்பிளை நறுக்குவாள், தன் தட்டில் இருந்த துண்டுகளை எடுத்து என் தட்டில் வைப்பாள், புளிக்குது, நீங்களே சாப்பிடுங்க என்பாள். நான் சாப்பிட்டேன். ஒரு நாள்கூட அது புளிக்கவில்லை. புளிக்கவில்லையே, ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. ஊரில் உள்ள தராசையெல்லாம் குனிந்து பார்த்தவன் எதிரில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பார்க்கவில்லை.

வாசலில் சத்தம் கேட்கிறது, பையோடு வந்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், வேலை இடத்தில் உட்கார்ந்து அந்த இணையப் பக்கங்களைத் திறக்காதே, அழுகை வந்தால் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அழு. நீ நூறு வருடம் சுகமாக இருக்க வேண்டும், உன் கேள்விகள் குறையாமல் இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

மறக்காதே, இனிமேல் போன் செய்யும்போது அவளிடம் எப்படி இருக்கிறாய், களைப்பா இருக்கா என்று கேட்காதே, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பாள். எந்தப் பக்கம் மெல்லுகிறாய் என்று கேள். இரண்டு பக்கமும் என்று சொன்னால் நம்பிவிடாதே, ஒரு ஆப்பிளைக் கடிக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இந்தக் கடிதத்தை இரண்டு முறை சரிபார்த்தவன்